எந்தக் குழாயில் எடுத்தீர்கள் என்று கேட்போம்

மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது விவசாயப் போதனாசிரியர் முதலில் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. பழைய உரப் பையில் மண்ணைப் போடாதீர்கள் என்பார். பையின் மூலையில் ஒட்டிக்கிடக்கும் ஒரு சிட்டிகை உரமே போதும், எமது காணியில் பொற்றாசியம் நிறைந்திருப்பதாக அறிக்கை வந்துவிடும். அதை நம்பி அந்தப் போகத்துக்கு உரம் போடாமல் விட்டால் விளைச்சல் விழுந்துவிடும். பரிசோதித்தவர் பிழை செய்யவில்லை, இயந்திரமும் பிழை செய்யவில்லை. பைதான் பொய் சொல்லியது.

எமது உடம்பிலிருந்து எடுக்கப்படும் இரத்தத்துக்கும் இதே சட்டம்தான். இரத்தத்தை எந்தக் குழாயில் எடுத்தார்கள், அந்தக் குழாயின் அடியில் என்ன மருந்து இருந்தது, எத்தனை மணி நேரத்தில் அது ஆய்வுகூடத்தை அடைந்தது என்பனவெல்லாம் எமது கையில் வரும் தாளில் உள்ள இலக்கத்தை மாற்றக்கூடியவை. ஆனால் மண்ணுக்குப் பை எது என்று கேட்கும் நாம், இரத்தத்துக்குக் குழாய் எது என்று கேட்பதில்லை. இனிக் கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து.

எமக்கு ஏன் இது பெரிய விடயம்?

கலேவெலப் பகுதியில் வாழும் எமக்கு இரத்தப் பரிசோதனை புதிதல்ல. நெல்வயலிலும் பெரிய வெங்காயப் பாத்தியிலும் காலை வைப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் தெரியும். 2008இல் அது நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் எமது மாத்தளையும் ஒன்று. 2017இல் டெங்கு 186,101 பேருக்கு வந்ததாகப் பதிவாகியது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளைத் தின்றுவரும், காரணம் தீர்மானிக்கப்படாத சிறுநீரக நோய் எமது மாவட்டத்தின் வில்கமுவப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. இவற்றோடு, வீட்டுக்கொருவருக்கு என்று சொல்லும் அளவுக்கு நீரிழிவு பெருகியிருக்கிறது. இந்த நான்கு நோயிலும் வைத்தியர் முடிவெடுப்பது பெரும்பாலும் ஒரு குழாய் இரத்தத்தைப் பார்த்துத்தான்.

இடம் பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஊரில் இருந்தபோது ஒரே வைத்தியசாலை, ஒரே கிளினிக், பல வருடத்துப் பழைய கொப்பி. போன மாதம் இருந்த இலக்கம் இந்த மாதம் திடீரென்று இரட்டிப்பாக வந்தால் வைத்தியருக்கு உடனே சந்தேகம் வரும். மறுபடி எடுத்துப் பாருங்கள் என்பார். பெரிய ஆய்வுகூடங்களிலும் பழைய முடிவோடு புதிய முடிவை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. யுத்தத்தால் ஓடிவந்தவர்களானாலும் சரி, 2018இல் நிறைவுற்ற மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்காகக் காணியை விட்டெழும்பியவர்களானாலும் சரி, பலருக்கு அந்தப் பழைய கொப்பி இல்லை. புதிய இடத்தில் புதிய வைத்தியர், கையில் ஒரே ஒரு தாள். அந்தத் தாளில் உள்ள பிழையைக் காட்டிக்கொடுக்க எமக்குப் பழைய சாட்சி எதுவும் கிடையாது. அதனால்தான் வசதியுள்ளவர்களைவிட எமக்கு முதலாவது பரிசோதனையே சரியாக அமைய வேண்டியிருக்கிறது.

குழாயின் அடியில் இருப்பது என்ன?

உடம்புக்கு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அந்த உறைவுக்குக் கல்சியம் அவசியம் என்பதை 1890இல் பிரான்சு நாட்டின் ஆர்த்துஸ், பாஜெஸ் என்ற இருவர் காட்டினார்கள். கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் இரத்தம் திரவமாகவே இருக்கும். 1914இல் சித்திரேற்று உப்பைக் கொண்டு இரத்தத்தை உறையாமல் வைத்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். இன்றைய இரத்த வங்கிகள் அந்த அடியிலிருந்து வளர்ந்தவை. உறைவதை வேறொரு வழியில் தடுக்கும் ஹெப்பரின் 1916இல் கண்டுபிடிக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு மருந்து வந்து சேர்ந்தது. இன்று குழாயின் மூடி நிறம் உள்ளே இருப்பதைச் சொல்கிறது.

ஊதா மூடியில் ஈ.டி.ரி.ஏ. என்ற உப்பு. இது கல்சியத்தை இறுக்கிப் பிடிக்கும். இரத்தக் கலங்களின் உருவத்தைக் கெடாமல் வைத்திருக்கும். ஆகவே எப்.பி.சி. என்று நாம் சொல்லும் முழுக் குருதிப் பரிசோதனைக்கு இதுதான் உரியது. சாம்பல் மூடியில் சோடியம் புளோரைட்டும், பெரும்பாலும் அதனோடு பொற்றாசியம் ஒட்சலேற்றும் இருக்கும். இது சீனி பார்ப்பதற்கு. இளநீல மூடியில் சித்திரேற்று. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பதற்கு. பச்சை மூடியில் ஹெப்பரின். சில இரசாயனப் பரிசோதனைகளுக்கு. சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. இரத்தத்தை உறையவிட்டு மேலே வரும் தெளிநீரை எடுப்பார்கள். சிறுநீரகப் பரிசோதனைகளும் எலிக்காய்ச்சலுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தேடும் பரிசோதனையும் இதில்தான் வழக்கமாகச் செய்யப்படுகின்றன. எல்லா இடத்திலும் நிற மூடி கிடைப்பதில்லை. அப்போது குழாயில் ஒட்டிய துண்டில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

சீனி கரைந்துபோகும் கதை

இரத்தக் கலங்கள் உடம்பை விட்டு வந்தவுடன் செத்துவிடுவதில்லை. குழாய்க்குள்ளும் அவை உயிரோடிருந்து, இரத்தத்திலுள்ள சீனியைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை சீனி குறையும். எமது பக்கத்து வெயிலில் இன்னும் கூடுதலாகவே குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் வயிற்றில் ஒருவருடைய சீனி 135 மில்லிகிராம். 126க்கு மேல் என்றால் நீரிழிவு என்பது வைத்தியர்களின் அளவுகோல். காலை ஏழு மணிக்கு ஒரு முகாமில் இவருடைய இரத்தத்தைச் சாதாரணக் குழாயில் எடுக்கிறார்கள். மணிக்கு நூற்றுக்கு 6 வீதம் குறைகிறது என்று வைத்தால் எட்டு மணிக்கு 127, ஒன்பது மணிக்கு 119, பத்து மணிக்கு 112. பத்து மணிக்கு வண்டி ஆய்வுகூடத்தை அடைகிறது. “உங்களுக்கு நீரிழிவு இல்லை” என்று தாள் வருகிறது. அந்த மனிதர் நிம்மதியாக வீடு போகிறார். வருத்தமோ கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் மெல்ல அரித்துக்கொண்டிருக்கும்.

புளோரைட்டு இந்தச் சாப்பாட்டை நிறுத்துகிறது. ஆனால் உடனடியாக அல்ல. முதல் ஓரிரு மணி நேரம் சீனி சிறிதளவு குறைந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தாலும் குளிரில் வைத்துக் கெதியாகக் கொண்டுபோக வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்தாலும், இரத்தத்தைச் சுழற்றித் தெளிநீரைக் கலங்களிலிருந்து உடனே பிரித்துவிட்டால் இழப்பு நின்றுவிடும். சுழற்றும் இயந்திரம் இல்லாத முகாமுக்கு அந்த வழி இல்லை.

தூரத்துக் கிராமங்களுக்கு வேறொரு வழியும் உண்டு. எச்.பி.ஏ.1சி. என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் சராசரியைக் காட்டுகிறது. ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் போதும். வெறும் வயிறு தேவையில்லை, வழியில் தாமதித்தாலும் இலேசில் மாறாது. ஆனால் இரத்தசோகை உள்ளவர்களுக்கும், தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் இந்த இலக்கம் ஏமாற்றக்கூடும். அதனால் எமது பகுதியில் இது ஒன்றையே நம்பிவிடவும் முடியாது.

சிறுநீரக நோயாளிக்கு வரும் ஆபத்து

பழுதடைந்த சிறுநீரகத்தால் பொற்றாசியத்தை வெளியே தள்ள முடியாது. இரத்தத்தில் அது அதிகரித்தால் இதயம் நின்றுவிடலாம். ஆகவே பொற்றாசியத்தின் இலக்கத்தை வைத்தியர்கள் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். 3.5 முதல் 5 வரை சாதாரணம், 6.5க்கு மேல் போனால் உயிராபத்து.

ஊதா மூடிக் குழாயில் இருக்கும் உப்பு பெரும்பாலும் பொற்றாசிய உப்பு. சிவப்பு மூடிக் குழாய்க்கு இரத்தம் போதவில்லை என்று ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டால் என்ன நடக்கும்? உரப் பையில் போட்ட மண்ணின் கதைதான். பொற்றாசியம் பொய்யாக ஏறிவிடும், கல்சியம் பொய்யாக இறங்கிவிடும். இரண்டும் ஒரே தாளில் வந்தால் அனுபவமுள்ள ஆய்வுகூடத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் ஒரு துளி மட்டும் கலந்திருந்தால் கல்சியம் அவ்வளவாக மாறாது. பொற்றாசியம் மட்டும் ஏறி நிற்கும். அப்போது நோயாளியின் மருந்து நிறுத்தப்படும், வாழைப்பழமும் கீரையும் இளநீரும் தடைசெய்யப்படும், நள்ளிரவில் அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவார். இதைவிட மோசமானது, உண்மையில் பொற்றாசியம் குறைந்துபோன ஒருவருக்கு அது சாதாரணமாக இருப்பதாகத் தாள் சொல்லிவிடுவது.

சாம்பல் மூடிக் குழாயும் சிறுநீரகப் பரிசோதனைக்கு உதவாது. அதிலுள்ள ஒட்சலேற்றும் பொற்றாசிய உப்புத்தான். மேலும், நாம் வயலுக்குப் போடும் யூரியாவின் அதே பெயரில் இரத்தத்திலும் ஒரு கழிவு உண்டு. சிறுநீரகம் பழுதானால் அது கூடும். பல ஆய்வுகூடங்கள் அதை ஒரு நொதியத்தின் உதவியோடு அளக்கின்றன. புளோரைட்டு அந்த நொதியத்தையே முடக்கிவிடும். யூரியா குறைவாகக் காட்டும், வருத்தம் மறைந்துபோகும். “சீனிக்கு எடுத்த இரத்தத்திலேயே சிறுநீரகத்தையும் பார்த்துவிடுங்கள்” என்று செலவை மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டி விடயத்திலும் கவனம் வேண்டும். சீனிக்குக் குளிர் நல்லது. ஆனால் தெளிநீர் பிரிக்காத இரத்தத்தைக் குளிரில் வைத்தால், கலங்களுக்குள் இருக்கும் பொற்றாசியம் வெளியே கசிந்துவிடும். எல்லாக் குழாய்களையும் ஒரே பெட்டியில் அடுக்கி மூடிக்கொண்டு போவது பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும். ஒரு பரிசோதனையைக் காப்பாற்ற இன்னொன்றைக் கெடுப்பதாகவே அது முடியும்.

டெங்குக் காலத்தில்

டெங்கு வந்தவர்களின் வீடுகளில் எல்லாரும் பேசுவது பிளேட்லட் எண்ணிக்கையைப் பற்றித்தான். குருதிச் சிறுதட்டுக்கள் எனப்படும் இவை ஊதாக் குழாயில் எண்ணப்படுகின்றன. இரத்தம் விழுந்தவுடன் குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்க வேண்டும். கலக்காமல் விட்டால் சிறு கட்டி பிடிக்கும். அந்தக் கட்டிக்குள் சிறுதட்டுக்கள் சிக்கிக்கொள்ள, எண்ணிக்கை குறைவாக வரும். குழாயில் குறித்த கோடு வரை இரத்தம் நிரம்பாவிட்டால் மருந்து கூடிப்போய்ச் செங்கலங்கள் சுருங்கும். அப்போது இரத்தம் தடிப்பாகிறதா என்று பார்க்கும் இலக்கமும் குறைவாக வரலாம். டெங்கில் நீர் கசிவதைக் காட்டித்தருவது அந்த இலக்கம்தான்.

இன்னும் விசித்திரமான ஒன்றும் உண்டு. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருடைய இரத்தத்தில், ஈ.டி.ரி.ஏ. பட்டவுடன் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கூட்டத்தை ஒன்றாக எண்ணி, எண்ணிக்கை மிகக் குறைவு என்று சொல்லும். உடம்பில் எந்தக் குறையும் இராது. கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இளநீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தாலும் பெரும்பாலும் தெரியும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு “குழாய் பிழையாயிருக்கும்” என்று காய்ச்சலோடு யாரும் வீட்டில் படுத்துவிடக் கூடாது. குறைந்த எண்ணிக்கை வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சந்தேகத்தைத் தீர்ப்பது அங்கே மறுபடி இரத்தம் எடுப்பதால்தான்.

தலையை எண்ணும் முகாம்கள்

எமது கிராமங்களுக்கு நல்ல மனதோடு பலர் வருகிறார்கள். பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டு, ஒரே காலையில் நூறு இருநூறு பேருக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அறிக்கையில் எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று எழுதப்படுகிறது. எத்தனை குழாய்கள் உரிய நேரத்தில், உரிய நிலையில் ஆய்வுகூடத்தை அடைந்தன என்று எழுதப்படுவது அரிது. எமது பார்வையில் இந்த இரண்டாவது எண்ணிக்கைதான் முகாமின் உண்மையான பலன். இருநூறு பேருக்கு அவசரமாக எடுப்பதைவிட ஐம்பது பேருக்குச் சரியாக எடுத்து, முடிவையும் கையில் கொடுத்து, வருத்தம் உள்ளவரைக் கலேவெல, தம்புள்ளை அல்லது மாத்தளை வைத்தியசாலைக் கிளினிக்கில் சேர்த்துவிடுவது பெரிய சேவை. அமைப்பு எதுவானாலும், எமது சபைகளும் சங்கங்களும் நடத்தும் முகாம்களானாலும், இந்த அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு இரத்தம் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். சிறுநீரக நோயின் காரணத்தைத் தேடி உலக சுகாதார நிறுவனமும் எமது சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அதற்காக விவசாயக் குடும்பங்கள் இரத்தமும் சிறுநீரும் முடியும் நகமும்கூடக் கொடுத்தார்கள். அதற்குப் பின்னரும் பல குழுக்கள் வந்து போயின. உலோக நஞ்சைத் தேடும் பரிசோதனைக்கு உலோகக் கலப்பில்லாத தனிக் குழாய் வேண்டும். சாதாரணக் குழாயின் இறப்பர் மூடியிலிருந்தே நாகம் இரத்தத்தில் கலக்கக்கூடும். இப்படி நுணுக்கமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு எமது உடம்பைக் கேட்பவர்கள், எதற்காக எடுக்கிறார்கள், எப்படிப் பாதுகாக்கிறார்கள், முடிவை எப்போது சொல்வார்கள் என்பதை எமது மொழியில் எமக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

“இதெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கிராமத்து மக்களுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களுக்கு இவையெல்லாம் தெரியும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிழைகளில் பெரும்பகுதி ஆய்வுகூடத்துக்குள் நடப்பதில்லை. இரத்தம் எடுக்கும் மேசைக்கும் ஆய்வுகூடக் கதவுக்கும் இடையில்தான் நடக்கிறது. அந்த இடைவெளியில் நிற்பவர்கள் நாமும், களைத்துப்போன ஒரு தாதியும், வண்டி ஓட்டுபவரும்தான். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளிலேயே பரிசோதனைப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்ததைக் கண்டோம். தட்டுப்பாடு வரும்போது இருக்கிற குழாயில் எடுத்துச் சமாளிப்போம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். சரியான குழாய் இல்லை என்றால் இன்று எடுக்காமல் விடுவதே நேர்மை. பிழையான இலக்கம், இலக்கம் இல்லாததைவிட ஆபத்தானது.

நாம் என்ன செய்யலாம்?

சண்டை பிடிக்கத் தேவையில்லை, மரியாதையாகக் கேட்டால் போதும். இரத்தம் கொடுக்கும்போது, “இது என்ன பரிசோதனைக்கு? இதற்குரிய குழாய்தானா?” என்று கேட்போம். குழாயில் எமது பெயரும் எடுத்த நேரமும் எம் கண்முன்னே எழுதப்படுகிறதா என்று பார்ப்போம். மூடியைத் திறந்து ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவதைக் கண்டால், இன்னொரு தடவை குத்தினாலும் பரவாயில்லை, புதிதாக எடுங்கள் என்போம். முகாம் நடத்த வருபவர்களிடம் எமது கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் முன்கூட்டியே மூன்று விடயம் கேட்கலாம்: எந்த ஆய்வுகூடத்துக்குப் போகிறது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், முடிவு எமது கைக்கு எப்போது வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வந்த தாள்களை எறியாமல் ஒரு பொலித்தீன் உறையில் சேர்த்து வைப்போம். காணி உறுதி வைக்கும் பெட்டியிலேயே அதையும் வைப்போம். மறுபடி எங்காவது போக நேர்ந்தாலும் அது எம்மோடு வரட்டும். பழைய இலக்கம் கையில் இருந்தால் புதிய இலக்கத்தின் பொய்யை வைத்தியர் பிடித்துவிடுவார். திடுக்கிடும்படியான முடிவு வந்து, உடம்பு நன்றாகவே இருந்தால், மருந்தை நாமாக மாற்றாமல் வைத்தியரிடம் உடனே போய், “ஒரு தடவை மறுபடி பார்ப்போமா?” என்று கேட்போம்.

வீட்டையும் வயலையும் விட்டு வந்த எமக்கு மிஞ்சியிருக்கும் முதல் எமது உடல்நலம்தான். அதை வைத்துத்தான் புதிய இடத்தில் மண்வெட்டி பிடிக்கிறோம், பிள்ளைகளைப் படிப்பிக்கிறோம். அந்த உடலிலிருந்து எடுத்த இரத்தம் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அது சரியான குழாயில் விழ வேண்டும்.